செவி கொடுக்கும் கல்வி

உடல் நோயுற்றவன் மருத்துவரை நாடுகின்றான். வழக்கில் சிக்கியவன் வழக்கறிஞரை நாடுகின்றான். உள்ளத் துயரால் வாடுபவன் யாரை நாடுவான்? பண்டுதொட்டே பெற்றோரும் உற்றாரும், நண்பரும் ஊர்ப் பெரியோரும் அவனுக்குத் துணையாய் இருந்து வந்துள்ளனர். அவர்தம் அன்பு அரியது, ஐயமில்லை. எனினும், உற்றாரிடம் உரைக்க இயலாத துயரங்களும் உண்டு. துயருற்றவன் வாய் திறக்குமுன்னரே அறிவுரை முந்திவந்து அவன் வாயை அடைத்துவிடுதலும் உண்டு. இத்தகைய துயரோடு வருபவர்க்கு உதவும் முறையை ஒரு கல்வியாகவே வகுத்து, பல்கலைக்கழகங்கள் இன்று பட்டம் வழங்குகின்றன. உளவளத்துணை, உளச்சிகிச்சை என்பன அக்கல்வியின் பெயர்கள்.

இத்துறையைத் தமிழ்நாட்டார் 'உளவியல் ஆலோசனை' என்றும் 'ஆற்றுப்படுத்துதல்' என்றும் வழங்குவர். இலங்கைத் தமிழர் 'உளவளத்துணை' என்பர். ஆலோசனை என்னும் சொல் சற்றே மயக்கம் தருவது. 'இதைச் செய், அதைத் தவிர்' என்று எடுத்துரைப்பதே இத்தொழில் என்று பலரும் எண்ணிவிடுகின்றனர். இக்கல்வியை விரும்பி வரும் மாணவரும் முதல் நாளில் பெரும்பாலும் அவ்வாறே எண்ணுகின்றனர். துணை என்னும் சொல்லோ இதன் இயல்பை நன்கு உணர்த்துகின்றது. அறிவுரை கூறுவோன் முன்னே நின்று அழைக்கின்றான். துணைவனோ உடன் நடக்கின்றான். இவ்வேறுபாட்டைத் தம் வாழ்நாளில் சிறுகச் சிறுகக் கற்றுத் தேர்ந்து, பிறர்க்கும் கற்பித்த பேராசிரியர் ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் கார்ல் ரோஜர்ஸ்.

ரோஜர்ஸ் 1902ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 8ஆம் நாள், சிகாகோ நகரை அடுத்த ஓக் பார்க் என்னும் ஊரில் பிறந்தார். அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது அவருடைய குடும்பத்தார் ஒரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தனர். தோழர் அதிகம் இல்லாத அச்சிறுவருக்கு அங்கிருந்த காடே தோழனாயிற்று. இரவில் பறக்கும் 'லூனா' என்னும் பெரிய பூச்சிகளை அவர் விரும்பி வளர்த்தார். புழுக்களுக்கு இலையிட்டுப் பேணினார். அவை கூடு கட்டிய பின்னர், நீண்ட குளிர்காலம் முழுவதும் அக்கூடுகளைக் காத்து வந்தார். வேளாண்மை பற்றிய நூல்களைப் பயின்று, ஆய்வு நடத்தும் முறையையும் அவற்றிலிருந்து அறிந்துகொண்டார்.

அக்காலத்துக் காட்சி ஒன்று அவர் நெஞ்சில் என்றும் நின்றது. குளிர்காலத்துக்கென நிலவறையில் உருளைக்கிழங்குகளைச் சேமித்து வைப்பது அவ்வீட்டு வழக்கம். அவ்வறையில் சிறிய சாளரம் ஒன்று மிக உயரத்தில் இருந்தது. மண்ணும் நீரும் இன்றிக் கிடந்த அக்கிழங்குகள் அந்த இருளிலும் முளைவிட்டன. வெளிறிய அம்முளைகள் இரண்டு மூன்று அடி நீளம் வளர்ந்து, தொலைவில் தெரிந்த சிற்றொளியை நோக்கியே நீண்டன. அவை ஒருநாளும் முழுச் செடியாகமாட்டா. ஆயினும் வளரும் முயற்சியை அவை விடவில்லை. வாழ்வில் நொறுங்கி, விந்தையாய் நடந்துகொள்ளும் மாந்தரைப் பிற்காலத்தில் கண்டபோதெல்லாம், ரோஜர்ஸுக்கு அக்கிழங்குகள் நினைவுக்கு வந்தன.

1919ஆம் ஆண்டில் அவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை கற்கச் சேர்ந்தார். பின்னர்ச் சமயப் பணியில் நாட்டங்கொண்டு வரலாற்றுப் பாடத்துக்கு மாறினார். 1922ஆம் ஆண்டில் உலகக் கிறித்தவ மாணவர் மாநாட்டுக்காகச் சீன நாட்டுக்குச் சென்று, ஆறு திங்களுக்கு மேல் பயணம் செய்தார். நேர்மை மிக்க நல்லோரும் தம்முள் வேறுபட்ட கொள்கைகளை உடையராய் இருத்தல் கூடும் என்பதை அப்பயணம் அவருக்கு உணர்த்திற்று. 1924ஆம் ஆண்டில் பட்டம் பெற்றபின், நியூயார்க் நகரின் யூனியன் இறையியற் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் பயின்றார். அங்கு அவரும் தோழர் சிலரும், ஆசிரியர் பாடம் நடத்தாமல் தங்கள் வினாக்களைத் தாங்களே ஆராயும் வகுப்பு ஒன்றை வேண்டிப் பெற்றனர். குறிப்பிட்ட கொள்கையை ஏற்றே தீரவேண்டிய பணி தமக்கு ஒவ்வாது என்பதை ரோஜர்ஸ் அவ்வகுப்பிலே தெளிந்தார். சாலைக்கு எதிர்ப்புறத்தில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரி இருந்தது. அவர் அங்கே சென்று உளவியல் மாணவரானார். 1931ஆம் ஆண்டில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

பட்டம் பெறுமுன்னரே, 1928ஆம் ஆண்டில், ராசெஸ்டர் நகரில் சிறுவர் நலம் பேணும் கழகம் ஒன்றில் அவர் பணியில் அமர்ந்திருந்தார். நீதிமன்றமும் நல நிலையங்களும் அனுப்பிவைத்த சிறுவர் பலரை அங்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து உதவினார். நூல்களில் கற்றதை அவர் நம்பினார். சிக்கலுக்குக் காரணம் கண்டு, அதனைத் தெளிவாக எடுத்துரைத்தால் போதும் என்பதே அக்கால நம்பிக்கை.

அந்நாளில் அம்மையார் ஒருவர் அவரை நாடி வந்தார். அவருடைய மகன் அடங்காத பிள்ளை. அச்சிறுவன் தன் இளமையில் தாயால் ஒதுக்கப்பட்டமையே அவன் தீக்குணத்துக்குக் காரணம் என்று ரோஜர்ஸ் முடிவு செய்தார். அதனைத் தாய் உணரும்படி செய்யப் பலமுறை முயன்றார். கனிவோடும் பொறுமையோடும் சான்று காட்டி விளக்கினார். பயன் ஒன்றும் விளையவில்லை. இறுதியில் அவர், இருவரும் முயன்றும் பயனில்லை என்பதைக் கூறி, சந்திப்பை நிறுத்திக்கொள்ளலாம் என்றார். அம்மையாரும் இசைந்தார். இருவரும் கைகுலுக்கினர், அம்மையார் வாயிலை நோக்கி நடந்தார்.

வாயிலை அடைந்தவர் திரும்பி நின்றார். பெரியவர்களுக்கும் இங்கு உதவி செய்வதுண்டோ என்று வினவினார். உண்டு என்றார் ரோஜர்ஸ். அப்படியாயின் தமக்கே உதவி தேவை என்று கூறி, அம்மையார் தாம் விட்டெழுந்த நாற்காலியில் மீண்டும் வந்து அமர்ந்தார். கணவரோடு தமக்கு நேர்ந்த பிணக்கையும், வாழ்வில் தோற்றுவிட்டதாகத் தம் உள்ளம் குமுறுவதையும் கொட்டித் தீர்த்தார். அதற்கு முன் அவர் கூறியிருந்த செய்திகளில் இத்துயரின் சாயலும் இல்லை. மெய்யான சிகிச்சை அன்றுதான் தொடங்கிற்று. நாளடைவில் அம்மையாரும் நலமுற்றார், மகனும் திருந்தினான்.

தோல்வியை ஒப்புக்கொண்ட பின்னரே வெற்றி கிட்டியது ஏன்? அதுவரையில் ரோஜர்ஸ் தாம் கண்ட சிக்கலைப் பற்றியே பேசினார். அம்மையார் சுமந்து வந்த சிக்கலைக் கேட்டாரில்லை. எங்கு வலிக்கின்றது, எத்திசையில் செல்லவேண்டும் என்பதைத் துயருற்றவரே அறிவார் என்னும் உண்மையை அந்நிகழ்ச்சி அவருக்கு உணர்த்திற்று. தாம் முன்பு போற்றிய பழைய நேர்காணல் பதிவு ஒன்றை மீண்டும் படித்துப் பார்த்தபோது, அது குற்றவாளியை மடக்கும் வழக்கறிஞரின் குறுக்கு விசாரணை போலத் தோன்றியதைக் கண்டு அவர் திடுக்கிட்டார்.

1940ஆம் ஆண்டில் ரோஜர்ஸ் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அவ்வாண்டு திசம்பர் 11ஆம் நாள் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் தம் புதிய கருத்துகளை எடுத்துரைத்தார். சிலர் பாராட்டினர், சிலர் கடுமையாக எதிர்த்தனர். 1942ஆம் ஆண்டில் 'உளவளத்துணையும் உளச்சிகிச்சையும்' என்று பொருள்படும் தலைப்பில் அவருடைய நூல் வெளிவந்தது. நாடி வருவோரை 'நோயாளர்' என்று கூறாமல், உதவியை நாடும் 'கட்சிக்காரர்' என்று பொருள்படும் சொல்லால் அவர் குறித்தார். ஒருவருக்கு நிகழ்ந்த எட்டுச் சந்திப்புகளின் உரையாடல் முழுவதையும் அந்நூலில் சொல் பிசகாமல் அச்சிட்டிருந்தார்.

அவ்வுரையாடல்கள் இசைத்தட்டுகளில் பதிவு செய்யப்பட்டவை. தட்டின் ஒரு பக்கம் சில நிமிடங்களில் நிரம்பிவிடும். உடனே வேறு தட்டை மாற்றவேண்டும். தொல்லை மிக்கதாயினும் அம்முறை மாணவர்க்குப் பெரும்பயன் விளைத்தது. தாம் பொறுமையோடு செவிமடுத்ததாக நம்பியிருந்த மாணவர், பதிவைக் கேட்டபோது உண்மையை அறிந்தனர். வந்தவர் பேச்சைத் தாம் இடைமறித்த இடங்களும், தமக்கு விருப்பமான திசைக்கு அதனைத் திருப்பிய இடங்களும் அவர்தம் குரலிலேயே வெளிப்பட்டன. மூடிய அறையில் நிகழ்ந்த ஒரு பணி இவ்வாறு ஆய்வுக்கும் கல்விக்கும் உரியதாயிற்று.

1945ஆம் ஆண்டில் ரோஜர்ஸ் சிகாகோப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, அங்கு உளவளத்துணை நிலையம் ஒன்றை நிறுவினார். 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், துணைபுரிவோரிடம் அமையவேண்டிய பண்புகளாக மூன்றினை வலியுறுத்தினார். வந்தவரை நல்லவர், தீயவர் என்று எடைபோடாமல் மதித்து ஏற்றல் ஒன்று. அவருடைய உலகை அவர் கண்கொண்டே காணுதல் மற்றொன்று. உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாத நேர்மை மூன்றாவது.

எடுத்துக்காட்டாக, தேர்வில் தோற்ற மாணவன் ஒருவன், வீட்டுக்குச் செல்ல அச்சமாக உள்ளது என்று கூறுவதாகக் கொள்ளலாம். 'அஞ்சாதே, அடுத்த முறை வென்றுவிடலாம்' என்பது நல்லெண்ணத்தோடு கூறும் விடையே. ஆயினும் அவன் பேச்சு அத்துடன் நின்றுவிடும். 'தேர்வில் தோற்றதைவிட, தந்தையின் முகத்தைக் காண்பதே உனக்குப் பெருந்துன்பமாக இருக்கின்றதோ?' என்று ஒருவர் மெல்ல வினவினால், அவன் தன் உள்ளத்தைத் திறத்தல் கூடும். அவர் எண்ணியது தவறாயினும், அவனே அதனைத் திருத்திக் கூறுவான்.

இப்பண்புகளைப் பெயரளவில் மனப்பாடம் செய்தல் எளிது, கைக்கொள்ளுதல் அரிது. ரோஜர்ஸும் இதற்கு விலக்கல்லர். சிகாகோவில் இருந்தபோது, கொடிய மனத்துன்பமுற்ற பெண்மணி ஒருவருக்கு உதவ முயன்று, அவரே நிலைகுலைந்தார். அப்பெண்மணியை மனநல மருத்துவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, மனைவியோடு சில திங்கள் வேற்றிடம் சென்று தங்கினார். திரும்பி வந்தபின், தம் குழுவைச் சேர்ந்த ஒருவரிடமே சிகிச்சை பெற்றார். பிறர்க்குக் கற்பித்த பேராசிரியர், தம்மினும் இளையவர் ஒருவர் முன் துணை வேண்டி அமர்ந்தார். இதனை அவர் மறைக்கவும் இல்லை.

இக்காலத்தில் இப்பட்டம் பெற விழையும் மாணவர் கற்பன பல. மனித வளர்ச்சி, மனநோய்களின் இயல்பு, உளச்சிகிச்சையின் பல்வேறு கொள்கைகள், ஆய்வு முறை ஆகியன வகுப்பில் கற்பிக்கப்படுகின்றன. செய்முறைப் பயிற்சியில் மும்மூவராய் அமர்தல் உண்டு; ஒருவர் பேச, ஒருவர் கேட்க, மற்றொருவர் இருவரையும் உற்று நோக்குவார். பின்னர் அனுபவமிக்க மேற்பார்வையாளர் ஒருவரின் துணையோடு, மெய்யாகவே துயருற்று வருவோரைச் சந்திப்பர். தாமே சிகிச்சை பெறுதலைக் கட்டாயமாக்கும் பயிற்சிகளும் உள்ளன. தச்சன் உளியைத் தீட்டுகின்றான். இம்மாணவர்க்குக் கருவி அவர் உள்ளமே ஆதலின், அதனையே தீட்டவேண்டியுள்ளது.

தம் எல்லையை அறிதலும் இக்கல்வியின் ஒரு பகுதி. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிய ரோஜர்ஸ், கொடிய மனநோய்க்கு ஆளாகி மருத்துவமனையில் இருந்தவர்க்கும் தம் முறையைக் கையாண்டு ஆராய்ந்தார். எதிர்பார்த்த அளவு வெற்றி கிட்டவில்லை. இத்தகைய நோய்களுக்கு மனநல மருத்துவரின் மருந்தும் தேவை என்பதையும், உரிய காலத்தில் அவரிடம் அனுப்புதலே அறம் என்பதையும் மாணவர் கற்கின்றனர். கேட்ட செய்தியைப் பிறரிடம் கூறாமை இத்தொழிலின் தலையாய ஒழுக்கம். உயிருக்கு இடர் நேரும் என்று கண்டால், காக்க வல்லவர்க்கு அறிவித்தல் கடமையாகின்றது.

ரோஜர்ஸ் 1987ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் தம் 85ஆம் வயதில் காலமானார். அவர் வகுத்த முறையை ஏற்போரும் உளர். அது மட்டும் போதாது என்று வேறு முறைகளைக் கையாள்வோரும் உளர். எம்முறையைப் பின்பற்றுவோரும், வந்தவர் கூறுவதை முதலில் முழுமையாகக் கேட்டல் வேண்டும் என்பதை ஒப்புகின்றனர்.

பட்டம் பெற்றவரே சிகிச்சை அளித்தல் முறை. ஆனால், செவி கொடுத்தற்குப் பட்டம் வேண்டுவதில்லை. வகுப்பில் வாடிய முகத்தோடு அமர்ந்திருக்கும் தோழனின் அருகில் அமர்ந்து, இடைமறியாமல் அவன் சொல்லைக் கேட்டல் எவர்க்கும் இயலும். அவன் துயர் தம் ஆற்றலுக்கு மேற்பட்டதாயின், ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ அவனை அழைத்துச் செல்லுதலும் இயலும். வாயிலை அடைந்த அவ்வம்மையார் ஒரு நொடி திரும்பி நின்றார். அந்நொடியில் அவர் வினாவுக்குச் செவி கொடுக்க ஒருவர் இருந்தார். ஒரு தாயும் மகனும் வாழ்வு பெற அதுவே வழியாயிற்று.