ஏ.சி வாங்குமுன் ஈரப்பதனையும் கணக்கிலெடுங்கள்

கடைக்கு ஏ.சி பூட்டியவர்கள் வீட்டுக்கும் ஒன்று பூட்டுவது இன்று சாதாரணமாகிவிட்டது. ஆனால் சரக்குக் கொள்முதலில் சதக் கணக்குப் பார்க்கும் எமது வியாபாரிகள், ஏ.சி வாங்கப் போனால் மட்டும் விற்பனையாளர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். "ஹாஜியார், அறை சின்னதென்டாலும் பெரிசா எடுங்க, டக்கென்டு குளிரும்" என்பதே அநேகமாகக் கிடைக்கும் ஆலோசனை. எமது கரையோர ஊர்களுக்கு இது பிழையான ஆலோசனை.

கொழும்பு, பேருவளை, காத்தான்குடி, கல்முனை போன்ற இடங்களில் எம்மை வாட்டுவது வெப்பம் மட்டுமல்ல, காற்றிலுள்ள ஈரமும்தான். உலர்ந்த காற்றில் 30 பாகை தாங்கக்கூடியது. அதே 30 பாகையில் வியர்வை காயாவிட்டால் உறக்கம் வராது. ஏ.சியின் வரலாறே ஈரத்தில்தான் தொடங்குகிறது. 1902இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தால் விரிவதும் சுருங்குவதுமாக இருக்க, வர்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவில்லை. அதைத் தீர்க்கவே வில்லிஸ் கரியர் என்ற இளம் பொறியியலாளர் தமது இயந்திரத்தை வடிவமைத்தார். மனிதரின் சுகத்துக்காக விற்றது பிறகு வந்த வியாபாரம்.

குளிர்ந்த சுருளில் காற்றுப் படும்போது அதிலுள்ள ஈரம் நீராகி, குழாய் வழியே வெளியே வடிகிறது. இதற்கும் வலு செலவாகிறது. ஒரு லீற்றர் நீரைப் பிரிக்க, 12,000 பி.ரீ.யூ இயந்திரம் தன் முழு வலுவையும் ஏறக்குறைய 12 நிமிடம் செலவிட வேண்டும். அறைக்கு மிஞ்சிய இயந்திரமோ சில நிமிடத்தில் காற்றைக் குளிர்த்திவிட்டு கொம்பிரசரை நிறுத்திவிடும். ஈரம் அப்படியே இருக்கும். போதாததற்கு, உள்விசிறி தொடர்ந்து சுழன்று சுருளில் நின்ற நீரையும் அறைக்குள் திருப்பி அனுப்பும். குளிர் இருக்கும், சுகம் இருக்காது. உடனே றிமோட்டை 20க்கு இறக்குவோம். பில் ஏறும், அலுமாரித் துணியில் பூஞ்சண வாடையும் வரும்.

ஆகவே அளவாக வாங்குங்கள். மேலே இன்னொரு மாடி உள்ள, 10க்கு 12 அடிப் படுக்கையறைக்கு வழமையாக 9,000 பி.ரீ.யூ போதும். கூரைத் தகட்டுக்கு நேர் கீழே, மேற்கு வெயில் படும் சுவரோடு இருந்தால் 12,000 தேவைப்படலாம். அப்படிப்பட்ட அறைக்கு முதலில் சீலிங் அடித்து, யன்னல் இடுக்கை அடைப்பதே மலிவான குளிரூட்டல். இரவு முழுக்க ஓடுவதென்றால் இன்வேர்ட்டர் வகையே பொருத்தம். அது நின்று நின்று ஓடாமல் வேகத்தைக் குறைத்து ஓடுவதால் மின்சாரம் மிஞ்சுகிறது, ஈரமும் சீராக இறங்குகிறது. 26 பாகையில் வைத்துச் சீலிங் விசிறியையும் மெதுவாக விடுங்கள். விருந்தாளி வந்தால் மட்டும் போடும் அறைக்கு இன்வேர்ட்டருக்குக் கூடுதல் காசு கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வாங்கும் விலையைவிட ஓட்டும் செலவே பெரியது. பெயர்ப்பலகையில் குளிரூட்டும் வோற்ஸை, அது இழுக்கும் மின் வோற்ஸால் வகுத்துப் பாருங்கள். 3,500 வோற்ஸ் குளிருக்கு 1,100 இழுப்பது ஒன்று, 900 இழுப்பது இன்னொன்று என்றால், முழு வலுவில் தினம் 8 மணித்தியாலப்படி 30 நாளைக்கு முதலாவது 264 அலகு, மற்றது 216 அலகு. 48 அலகு வித்தியாசம். வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவதால், ஏற்கெனவே பாவிக்கும் அலகுகளுக்கு மேல் வரும் இந்த அலகுகள் உயர்ந்த படிகளிலேயே விழும். 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியபோது பட்ட பாடு மறந்திருக்காது. கடைக்கு மேலே வீடுள்ளவர்கள், எந்த மீற்றரில் ஓடப்போகிறது என்பதையும் பாருங்கள். இரண்டின் கட்டண வகையும் வேறு.

மலிவாகக் கிடைக்கும் பழைய இயந்திரங்கள் பலவற்றில் ஆர்-22 வாயு இருக்கும். மொன்றியல் உடன்படிக்கையின்படி வளர்முக நாடுகள் 2030இல் இதை, சிறிதளவு பராமரிப்புத் தேவை தவிர, கைவிட வேண்டும். நாளை வாயு தேடி அலைய வேண்டிவரும். புதியவற்றிலுள்ள ஆர்-32 சிக்கனமானது, ஆனால் சற்றே தீப்பற்றக்கூடியது. பழகிய தொழிலாளியிடமே கொடுங்கள்.

கடலோரத்தாருக்கு வேறொரு செலவும் உண்டு. உப்புக்காற்று வெளி அலகின் அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். துருத்தடுப்புப் பூச்சுள்ள சுருளா என்று கேளுங்கள். உத்தரவாதப் பத்திரத்தில் கடற்கரை அரிப்பு விலக்கப்பட்டிருக்கிறதா என்பதைப் பணம் கட்டுமுன் வாசியுங்கள். வெளி அலகைக் கடலை நேரே பார்க்காத பக்கத்தில், காற்றோட்டம் தடைப்படாமல் பூட்டி, அவ்வப்போது நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவிவிடுங்கள்.

பூட்டும் நாளில் நீங்கள் வீட்டில் இருப்பது நல்லது. செப்புக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்பி பூட்டி இழுத்த பின்பே வாயுவைத் திறக்க வேண்டும். அவசரத்தில் சிலர் கொஞ்சம் வாயுவை விட்டுக் காற்றைத் தள்ளிவிட்டுப் போவார்கள். அந்த ஈரம் நாளடைவில் கொம்பிரசரைத் தின்றுவிடும். பம்பி கொண்டு வராதவரைத் திருப்பி அனுப்புங்கள்.