குருதி கூறும் சான்று

நோயின் காரணத்தை ஆராய்ந்தறிந்தே மருத்துவம் செய்க என்பது வள்ளுவர் நெறி. அந்நெறியை நாம் பெரிதும் மறப்பது டைபாய்டுக் காய்ச்சலில்தான்.

மாசுற்ற நீராலும் உணவாலும் உட்புகும் சால்மோனெல்லா டைஃபி என்னும் பாக்டீரியா, குடலைக் கடந்து குருதியிற் பரவுகிறது. அதனை எதிர்க்க உடல் ஆக்கும் புரதங்களே எதிர்ப்பொருள்கள். அவற்றை அளந்து நோயறியும் முறையை 1896இல் பிரெஞ்சு மருத்துவர் விடால் வகுத்தார்.

சுந்தரபாண்டியபுரம் போன்ற நம் ஊர்களில், 'விடால் பாசிட்டிவ்' என்றதுமே டைபாய்டு என்று முடிவுகட்டுவோர் உளர். ஆயின், நோயின் முதல் வாரத்தில் எதிர்ப்பொருள் உயராதிருக்கலாம். முன்பு வந்த நோயாலோ தடுப்பூசியாலோ உயர்ந்தும் இருக்கலாம். 7 முதல் 10 நாள் இடைவெளியில் இருமுறை அளந்து, 4 மடங்கு உயர்வு காணின் அச்சான்று வலுப்பெறும்.

கிருமியையே வளர்த்துக் காட்டுவது 'பிளட் கல்ச்சர்' எனும் குருதி வளர்ப்புச் சோதனை. அதுவும் எல்லாரிடத்தும் கிருமியைப் பிடித்துவிடாது. எனினும் நேர்ச்சான்று அதுவே. 2017 முதல் 2020 வரை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய இந்திய ஆய்வும், டைபாய்டை அதனாலேயே உறுதிசெய்தது.

தவறான முடிவு வேறொரு காய்ச்சலை மறைத்துவிடும். வேண்டாத ஆண்டிபயாட்டிக் மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பெருக்கும். ஆதலின் மாணவச் செல்வங்களே, காய்ச்சல் நீடித்தால், அம்மருந்தை உண்ணுமுன் குருதி வளர்ப்புச் சோதனை வேண்டுமா என மருத்துவரைக் கேளுங்கள். ஒற்றைச் சான்றால் தீர்ப்பெழுதுதல் முறையன்று.