இரவுக் காவலுக்குத் தூரம் அடிக்கும் டார்ச் விளக்கு

எடப்புளி நாடு, நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை ஒன்றியத்தின் 14 நாடுகளில் ஒன்று. மலைச் சரிவில் படிப்படியாக அமைந்த நிலங்களில் மரவள்ளி, சாமை, கேழ்வரகு, வாழை, அன்னாசி ஆகியவை விளைகின்றன. இவற்றில் மரவள்ளி ஏறத்தாழ பத்து மாதங்கள் நிலத்தில் நிற்கும் பயிர். கிழங்கு திரளும் தருணத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் புகுந்துவிட்டால் பல மாத உழைப்பு ஓரிரவில் மண்ணோடு மண்ணாகிவிடும்.

ஆகவே பரண் அமைத்து இரவுக் காவல் இருப்பது வழக்கம். காவலுக்குக் கையில் இருப்பதோ மலிவான எல்.இ.டி. டார்ச். காலடியில் நல்ல வெளிச்சம் தரும் அந்த விளக்கு, எதிர்ச் சரிவில் அசைவது பன்றியா, மாடா, மனிதனா என்று காட்டுவதில்லை. தெரியாததால் காவல்காரர் இறங்கிப் போய்ப் பார்க்கிறார். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. குட்டிகளோடு நிற்கும் தாய்ப்பன்றியோ, பலா பழுக்கும் காலத்தில் வரும் கரடியோ எதிரில் இருந்தால் தப்புவது கடினம். பரணில் இருந்தபடியே பார்க்க முடிந்தால் இந்த நடையைத் தவிர்க்கலாம். அதற்கு விலை உயர்ந்த விளக்கு தேவையில்லை. ஒரு பூதக்கண்ணாடியும் மிச்சம் கிடக்கும் பி.வி.சி. குழாய்த் துண்டும் போதும்.

பன்றியின் கண் மின்னாது

மாடு, நாய், பூனை, மான் ஆகியவற்றின் விழியின் பின்புறத்தில் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் உண்டு. டார்ச் அடித்தவுடன் அவற்றின் கண்கள் மின்னுவது அதனால்தான். மங்கலான விளக்கானாலும் அந்த மினுக்கம் விலங்கைக் காட்டிக் கொடுத்துவிடும். பன்றி இனத்துக்கு அந்தப் படலம் கிடையாது. கண் மின்னவில்லை என்பதால் காட்டில் ஒன்றும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. பன்றியைக் காண வேண்டுமானால் அதன் கரிய உடலின் மேல் போதிய ஒளி விழ வேண்டும்.

தூரம் எதனால் கிடைக்கிறது?

பல்பின் வாட் கூடினால் தூரமும் கூடும் என்பது பொதுவான எண்ணம். இது முழு உண்மை அல்ல. ஒரு படி விதையை ஒரு பாத்தியில் தூவுவதும், அதே படியை நான்கு பாத்திகளில் தூவுவதும் ஒன்றாகுமா? ஒளியும் அப்படித்தான். தூரம் இரண்டு மடங்கானால் அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் விரிந்து, கால் பங்காகக் குறைகிறது. எனவே விளக்கு இரண்டு மடங்கு தூரம் அடிக்க வேண்டுமானால், ஒரு திசையில் செல்லும் ஒளி நான்கு மடங்காக வேண்டும். மின்சாரத்தைக் கூட்டி இதைச் செய்ய முயன்றால் பல்பு சூடேறிக் கெடும். பேட்டரியும் விரைவில் தீரும்.

பல்பை மாற்றாமல், ஒளியைத் திரட்டும் கண்ணாடியின் அகலத்தைக் கூட்டுவதே எளிய வழி. மலிவான டார்ச்சில் பல்பைச் சுற்றியுள்ள வெள்ளிப் பூச்சுக் கிண்ணம் பெரும்பாலும் 2 செ.மீ. அகலமே இருக்கும். அதற்குப் பதில் 6 செ.மீ. அகல லென்ஸைச் சரியான தூரத்தில் வைத்தால், விட்டம் 3 மடங்கு, பரப்பு 9 மடங்கு ஆகிறது. கணக்குப்படி தூரமும் 3 மடங்கு கூட வேண்டும். லென்ஸின் தரத்தால் சிறிது குறைந்தாலும் இரண்டு மடங்குக்குக் குறையாது.

பிரான்சு நாட்டின் ஃபிரெனெல், 1823-ஆம் ஆண்டில் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அகன்ற லென்ஸ் அமைத்துக் கப்பல்களுக்கு வழி காட்டியதும் இதே முறைப்படிதான். அவருக்குக் கிடைத்தது எண்ணெய் விளக்கின் ஒளியே.

தேவையான பொருள்கள்

1. ஒரே ஒரு எல்.இ.டி. உள்ள டார்ச். நடுவில் சிறு மஞ்சள் புள்ளி கொண்ட 1 வாட் அல்லது 3 வாட் பல்பு ஏற்றது. பல சிறு பல்புகள் கொண்ட டார்ச்சும், அகன்ற மஞ்சள் தட்டு போன்ற பல்பும் பயன்படா. ஒளி கிளம்பும் புள்ளி எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது.

2. சுமார் 6 செ.மீ. அகலமுள்ள கண்ணாடி பூதக்கண்ணாடி. கைப்பிடியையும் வளையத்தையும் கழற்றிவிட வேண்டும்.

3. 63 மி.மீ. பி.வி.சி. குழாய்த் துண்டு, அதற்குரிய கப்ளிங் ஒன்று, மூடி ஒன்று.

4. பழைய சைக்கிள் டியூப், கறுப்பு பெயிண்ட், சிலிக்கான் பசை.

செய்முறை

முதலில் லென்ஸின் குவிய தூரத்தை அளக்க வேண்டும். பகலில் வீட்டுக்குள், வாசலுக்கு எதிர்ச் சுவரின் அருகே லென்ஸைப் பிடித்து முன்பின் நகர்த்தினால், வெளியே தொலைவில் உள்ள மரம் சுவரில் தலைகீழாகத் தெரியும். அந்த உருவம் மிகத் தெளிவாக இருக்கும்போது லென்ஸுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியே குவிய தூரம். 10 முதல் 15 செ.மீ. வரை இருக்கும் லென்ஸ் ஏற்றது.

குழாயை அந்த நீளத்துக்கு வெட்டி, உட்புறம் முழுவதும் கறுப்பு பெயிண்ட் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாயின் சுவரில் பட்டுச் சிதறும் ஒளி பக்கத்தில் பரவிப் பார்ப்பவரின் கண்ணையே கூசச் செய்யும்.

கப்ளிங்கின் நடுவில் உள்ள மேட்டின் மேல், முன்பக்கமாக லென்ஸை அமர்த்திப் பசையிட வேண்டும். லென்ஸ் உள்ளடங்கி இருப்பதால் பனித்துளியும் கீறலும் குறையும். கப்ளிங்கின் பின்பக்கத்தில் குழாயைச் செருக வேண்டும், ஒட்டக் கூடாது. முன்பின் நகர்த்திக் குவியத்தைச் சரி செய்ய இது உதவும்.

பின்னர் டார்ச்சின் முன்கண்ணாடியையும் வெள்ளிப் பூச்சுக் கிண்ணத்தையும் கழற்ற வேண்டும். சில டார்ச்களில் அந்தக் கிண்ணமே பல்புத் தகட்டை அழுத்திப் பிடித்திருக்கும். தகடு ஆடினால் ஒரு வளையம் வைத்து இறுக்குவது அவசியம். பல்பின் அடியில் உள்ள அலுமினியத் தகட்டைக் கழற்றக் கூடாது. பல்பின் சூட்டை வெளியேற்றுவது அதுவே. டார்ச்சின் தலையில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் குழாயின் பின்வாயில் இறுகச் செருகினால் வேலை முடிந்தது. பல்பு குழாயின் நடுவில் நேராக நிற்கிறதா என்று பார்த்துக் கொள்ள வேண்டும்.

சோதனை

இரவில் 25 மீட்டர் தொலைவில் உள்ள சுவரில் ஒளியைப் பாய்ச்சி, கப்ளிங்கை மெல்ல நகர்த்த வேண்டும். ஏறக்குறைய ஒரு சாண் அல்லது ஒன்றரைச் சாண் அகலத்தில் விளிம்பு தெளிந்த சதுரம் தோன்றினால் குவியம் சரி. அந்தச் சதுரம் பல்பின் புள்ளியின் உருவமே. 100 மீட்டரில் அதுவே சுமார் ஒரு மீட்டர் அகலமாகும். வெளிச்சம் அகலமாக வேண்டும் என்றால் லென்ஸைப் பல்பை நோக்கிச் சிறிது தள்ளினால் போதும். ஆனால் தூரம் குறையும்.

டார்ச் பெட்டிகளில் அச்சிட்ட தூரத்தை அப்படியே நம்ப வேண்டியதில்லை. 2009-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுத்த தர அளவின்படி, ஒளி முழு நிலவின் வெளிச்சத்துக்குக் குறையும் இடமே விளக்கின் எல்லை. அந்த வெளிச்சத்தில் விலங்கை இனம் காண்பது அரிது. எல்லையில் பாதித் தொலைவு வரையே பயன் தரும் என்று கொள்வது நல்லது.

கவனிக்க வேண்டியவை

பிளக் உள்ள டார்ச்சைச் சார்ஜ் ஏறும்போது திறக்கவே கூடாது. பல மலிவு டார்ச்களில் 230 வோல்ட் மின்சாரம் உள் பாகங்களுக்கு நேராகவே வருகிறது. தொட்டால் உயிர் போகும்.

பகலில் லென்ஸை மூடியிட்டு வைக்க வேண்டும். வெயில் பட்டால் பரண் கூரையின் காய்ந்த புல் தீப்பற்றிக் கொள்ளும்.

இந்த விளக்கு நடப்பதற்கு உரியது அல்ல. பல்பின் ஒளியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே லென்ஸை அடைகிறது, அருகில் இருள்தான். வரப்பில் பாம்பு கிடந்தாலும் தெரியாது. பாதைக்குப் பழைய டார்ச் ஒன்றைத் தனியே வைத்துக் கொள்ள வேண்டும்.

மூடுபனி இரவில் விளக்கைக் கண்ணருகே பிடித்தால் பனியே வெள்ளையாகத் தெரியும். இடுப்பளவில் பிடித்தால் ஓரளவு பார்க்கலாம். மலைப்பாதையில் வரும் வாகனங்களை நோக்கியும், மனிதர் கண்ணிலும் ஒளியைப் பாய்ச்சக் கூடாது.

ஒளியைக் கண்டு பன்றி ஓரிரு நாள் மிரளும்; பிறகு பழகிவிடும். இந்த விளக்கு விரட்டுவதற்கு அல்ல, வருவது எது, எந்தப் பக்கம் என்று அறிவதற்கே. அறிந்தபின் தகரம் தட்டியும் பக்கத்துப் பரண்களுக்குக் குரல் கொடுத்தும் கூட்டாக விரட்டலாம்.

வேலியில் நேராக மின்சாரம் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம். அதில் பன்றி மட்டும் சாவதில்லை. விடியலில் தண்ணீர் கட்டப் போகும் பக்கத்துக் காட்டுக்காரரும், மேயப் போன மாடும் சாகின்றன. காட்டுப்பன்றியும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டதே. பயிர்ச் சேதம் நேர்ந்தால் கிராம நிர்வாக அலுவலருக்கும் வனத்துறைக்கும் உடனே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

ஒரு பரணில் இப்படி ஒரு விளக்கு இருந்தால் எதிரும் புதிருமான இரண்டு சரிவுகளையும் கவனிக்கலாம். மரவள்ளி கிழங்கு திரள்வதற்கு ஒரு மாதம் முன்னதாகவே இதைச் செய்து சோதித்து வைத்துக் கொள்வது நல்லது.