பழைய வீட்டுக் கலர் கண்ணாடி – வயசு கண்டுபிடிப்பது எப்படி?

சிமெண்ட், கம்பி, செங்கல் பற்றி நாம் படிக்காத நாளில்லை. கண்ணாடியைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. அதனால் இந்த மலருக்கு அதையே எடுத்துக்கொண்டேன்.

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் போனவர்கள் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரை கட்டியவை. பர்மா தேக்கு, இத்தாலி மார்பிளோடு கலர் கண்ணாடியும் கப்பலில் வந்து இறங்கியது. "இது நூறு வருஷத்துக் கண்ணாடி தம்பி" என்று வீட்டுக்காரர் சொல்லுவார். வீட்டுக்கு நூறு வயசு சரி, கண்ணாடிக்கு? நடுவில் உடைந்து மாற்றியிருக்கலாமே! அதைத் தெரிந்துகொள்ளச் சில சோதனைகள்:

1. பிரதிபலிப்பு: சாய்வாக நின்று, கண்ணாடியில் டியூப்லைட்டோ எதிர்வீட்டுச் சுவர் விளிம்போ எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். கோடு நெளிந்தால் பழசாக இருக்கலாம். ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருந்தால் அது பெரும்பாலும் ஃப்ளோட் கண்ணாடி. உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யும் இந்த முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் கம்பெனி அறிவித்ததே 1959-ல்தான். ஆக, ஃப்ளோட் கண்ணாடி 1930 வீட்டின் ஒரிஜினலாக இருக்க முடியாது.

2. குமிழி: அந்தக் காலத்தில் குழலால் ஊதி, உருளையாக்கி, நீளவாக்கில் வெட்டி, சூளையில் விரித்துத் தட்டையாக்கினார்கள். அதில் குமிழிகள் ஒரே திசையில் நீண்டிருக்கும். பிறகு பெல்ஜியத்தின் ஃபூர்கோ முறையில், 1914 முதல், இயந்திரமே உருகிய கண்ணாடியைத் தகடாக மேலே இழுத்தது. அதில் லேசான இணைகோட்டு அலைகள் தெரியும்.

3. நிறம்: பழைய கண்ணாடியில் நிறம் உள்ளேயே கலந்திருக்கும். நீலத்துக்குக் கோபால்ட், சிவப்புக்குத் தங்கம் அல்லது தாமிரம். சிவப்பு ரொம்ப அடர்த்தி என்பதால், வெள்ளைக் கண்ணாடி மேல் மெல்லிய சிவப்புப் படலமாக உருக்கிச் சேர்ப்பதும் உண்டு. பீடிங்கைக் கழற்றும்போது விளிம்பைப் பார்த்தால் தெரியும். நகத்தால் சுரண்டி நிறம் உரிந்தால் அது புது ஃபிலிம் அல்லது பெயின்ட்.

4. டிசைன்: மரச்சட்டத்துக்குள் கட்டம் கட்டமாகவும், வாசலுக்கு மேல் அரைவட்ட விசிறியாகவும் இருந்தால் பழைய பாணி. நேர்கோடு, படிக்கட்டு வடிவம், உதயசூரியக் கதிர் என்று வந்தால் 1930-களின் ஆர்ட் டெகோ பாணியாக இருக்கலாம். டிசைனை மட்டும் நம்பாதீர்கள். அதை இன்றைக்கும் காப்பி அடிக்கலாம். முதல் மூன்று சோதனையையும் சேர்த்தே முடிவு சொல்ல வேண்டும்.

ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். "கண்ணாடி மெல்ல வழியும், அதான் பழைய கண்ணாடி அடியில தடிப்பு" என்பார்கள். தப்பு. சாதாரண வெப்பநிலையில் நூற்றாண்டுக் கணக்கிலும் அது கண்ணுக்குத் தெரிகிற அளவு வழியாது. தடிப்பு வித்தியாசம் செய்முறையால் வந்தது.

இதெல்லாம் நமக்கு எதற்கு? செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. ஆனாலும் வீடுகள் இடிபடுகின்றன. கதவும் ஜன்னலும் தனித்தனியாக விலை போகின்றன. ரிப்பேர் வேலை நடக்கும் இடத்தில், "எல்லாத்தையும் எடுத்துட்டு புதுசு போட்ருங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் எல்லாம் குப்பையில். நாளைக்கு அந்த இடத்தில் சூப்பர்வைசராக நிற்கப்போவது நாம்தானே!

எனவே கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு கண்ணாடிக்கும் நம்பர் போடுங்கள், போட்டோ எடுங்கள், ஜன்னல் வாரியாக ஸ்கெட்ச் போட்டு எது பழசு, எது மாற்றியது என்று குறியுங்கள். உடைந்ததை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ஃப்ளோட் கண்ணாடி உடைந்தால் கடையில் வாங்கிக்கலாம். ஊதிச் செய்த அந்தச் சிவப்புக் கண்ணாடி உடைந்தால் எந்தக் கடையில் போய்க் கேட்பது?