மிஸ்ஸிங் அடிக்கிற பழைய வண்டி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

உத்திரமேரூர் வட்டாரத்தில் மாருதி ஆம்னி இன்னும் ஓய்வு பெறவில்லை. காலையில் காய்கறி மூட்டை, மதியம் பந்தல் சாமான், ராத்திரியில் யாருக்காவது வலி வந்தால் காஞ்சிபுரம் அரசு மருத்துவமனைக்கு ஓடுவதும் அதுதான். மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில், ஆம்னி 1984இல். 800இன் உற்பத்தி 2014இல் நின்றது, ஆம்னியின் உற்பத்தி 2019இல். பெரும்பாலும் இரண்டிலும் ஓடுவது அதே 796 சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். இனிப் புதிதாக வராது என்பதால், வைத்திருப்பவர்கள் இருக்கிறதைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார்கள்.

வயதான இந்த வண்டிகளை ஆட்டி வைக்கிற தொல்லை மிஸ்ஸிங், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் விட்டுப்போவது. ஐட்லிங்கில் உடம்பே குலுங்கும், மேடேறும்போது திணறும், சைலன்சரில் விட்டு விட்டுச் சத்தம் வரும். மூன்று பேர் தூக்க வேண்டிய மூட்டையை இரண்டு பேர் தூக்குகிற நிலைமை. பிளக், ஒயர், காயில், கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பல ஆயிரம் செலவழித்த பிறகும் மிஸ்ஸிங் அப்படியே நிற்கிற வண்டிகள் இங்கே நிறைய. எந்த சிலிண்டர், எந்த நேரத்தில் என்ற இரண்டையும் பார்க்காமலே ஸ்பேனரை எடுத்துவிடுவதுதான் அதற்குக் காரணம். அப்படி எடுக்க வைக்கிற சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

"கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினா மிஸ்ஸிங் போயிடும்"

பட்டறையில் அதிகம் காதில் விழுவது இதுதான். சில நேரம் போகவும் செய்யும். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். கார்புரேட்டர் மூன்று சிலிண்டருக்கும் பொது. ஏர் ஃபில்டர், பெட்ரோல் பம்ப், காயில் எல்லாமே பொது. பொதுவானது கெட்டால் மூன்றும் சேர்ந்து திணறும். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் தொடர்ந்து செத்துக் கிடந்தால் கார்புரேட்டரைக் குற்றம் சொல்ல இடமே இல்லை. அந்த சிலிண்டருக்கு மட்டும் உரியதைத்தான் தேட வேண்டும்: அதன் பிளக், அதன் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் அதற்கான முனை, அதன் வால்வுகள், அதன் ரிங். கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வைத்த எம்பிஎஃப்ஐ வண்டியென்றால் அதன் இன்ஜெக்டரும் சேரும்.

எது செத்திருக்கிறது என்று கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். ஆம்னியில் முன் சீட்டைத் தூக்கினால் இன்ஜின் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கிறது. ஐட்லிங்கில் ஓடவிட்டு, கைப்பிடியில் ரப்பர் உறை உள்ள பிளையரால் ஒரு பிளக் ஒயரை ஒரு கணம் கழற்றி, அதன் முனையை இன்ஜின் பாடியில் தொடவைத்துப் பிடிக்க வேண்டும். ஓட்டம் குறைந்து வண்டி அதிகமாகக் குலுங்கினால் அந்த சிலிண்டர் அதுவரை நன்றாக வேலை செய்திருக்கிறது. ஒயரைக் கழற்றியும் ஓட்டத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் நோயாளி அதுதான். வெறுங்கையால் இதைச் செய்யக் கூடாது, அடிக்கும். எம்பிஎஃப்ஐ வண்டியில் ஒயரைத் தொடவே வேண்டாம், இன்ஜெக்டரின் சாக்கெட்டை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் போதும். ஒயரைக் கழற்றினால் எரியாத பெட்ரோல் சைலன்சரில் உள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போய் அங்கே எரிந்து அதைக் கெடுக்கும். மிஸ்ஸிங்கோடு மாதக்கணக்கில் ஓட்டுகிற வண்டிகளில் கன்வர்ட்டர் போவதும் இதனால்தான்.

நோயாளி தெரிந்த பிறகு செய்ய வேண்டியது இடமாற்றம். இரண்டாவது சிலிண்டர் செத்திருந்தால் அதன் பிளக்கை மூன்றாவதில் போட்டு, மூன்றாவதின் பிளக்கை இங்கே போடுங்கள். மிஸ்ஸிங் மூன்றாவதுக்குப் போய்விட்டால் பிளக்கின் மீதுதான் தப்பு. போகாவிட்டால் ஒயரை மாற்றிப் பாருங்கள், நீளம் எட்டாவிட்டால் நல்ல ஒயர் ஒன்றை இரவல் வாங்கிப் பாருங்கள். ஒரு ரூபாய் செலவில்லை. சாலவாக்கம் பக்கத்தில் ஒரு காய்கறி வியாபாரியின் ஆம்னிக்கு கார்புரேட்டர் கிட் இரண்டு தடவை போட்டிருந்தார்கள். சீட்டைத் தூக்கி ஒயரைக் கழற்றிப் பார்த்ததில் ஒரு சிலிண்டர் மட்டும் அசையவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தபோது, உள்ளே பென்சிலால் கோடு போட்டது மாதிரி ஒரு கரிக்கீற்று, அந்த சிலிண்டரின் முனையிலிருந்து ஓரம் வரை ஓடியிருந்தது. கரண்ட் பிளக்குக்குப் போகாமல் அந்தக் கீற்று வழியாகப் பாடிக்குப் போய்க்கொண்டிருந்தது. மூடியை மாற்றியதும் வண்டி சரியானது. கார்புரேட்டருக்கு நோயே இல்லை.

"பிளக்கில் பொறி அடிக்குதே, கரண்ட் நல்லாத்தான் இருக்கு"

பிளக்கைக் கழற்றி, ஒயரில் மாட்டி, பாடியில் வைத்து, செல்ஃப் அடித்துப் பார்க்கிறோம். பொறி வருகிறது. அத்தோடு கரண்ட் பக்கத்தை மறந்துவிட்டு பெட்ரோல் பக்கம் போய்விடுகிறோம். பல வண்டிகள் மாதக்கணக்கில் பட்டறையில் கிடப்பதற்கு இந்த ஒரு சோதனை காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

திறந்த காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட ஏறக்குறைய 3,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே வந்து கலவையை அழுத்தியிருக்கும்போது அதே இடைவெளியைத் தாண்ட அதைப்போலப் பல மடங்கு வேண்டும். பலவீனமான காயிலும் வெடித்த ஒயரும் வெளியே அழகாகப் பொறி காட்டிவிட்டு உள்ளே தோற்றுப்போகும். மேடேறும்போதும் முழு ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதும் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அப்போதுதான் மிஸ்ஸிங் அதிகமாகும். சமதரையில் நன்றாக ஓடி, லோடு ஏற்றினால் திணறுகிற வண்டியில் முதலில் கரண்டைச் சந்தேகப்படுங்கள்.

ஒயர் கசிவைக் கண்ணால் பார்க்கலாம். ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, சீட்டைத் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டு, தலைக்கு அடிக்கிற ஸ்பிரே பாட்டிலால் ஒயர்கள் மீது தண்ணீரைப் புகை மாதிரி தெளியுங்கள். கையைத் தள்ளியே வையுங்கள். வெடிப்புள்ள இடத்தில் நீலப் பொறி ஒயரின் முதுகில் ஊர்ந்து போவது தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் மிஸ்ஸிங் அடித்து, வெயில் வந்ததும் தானே சரியாகிவிடுகிற வண்டிகளின் ரகசியம் இதுதான். 'தண்ணி இன்ஜினுக்குள்ள போயிடுச்சு' என்பார்கள். தண்ணீர் உள்ளே போகவில்லை, ஒயரின் மேல்தான் படிந்தது.

சூடான பிறகு மட்டும் நின்றுபோய், அரை மணி நேரம் ஆறினால் ஓடுகிற வண்டி வேறு ரகம். காயிலின் உள்சுற்று சூட்டில் விட்டுப்போனாலும் இப்படி ஆகும், கார்புரேட்டர் ஆம்னியில் பெட்ரோல் பம்ப் சூடேறி பெட்ரோல் ஆவியாகி அடைத்தாலும் இப்படித்தான் ஆகும். மே மாதத்தில் பம்பின் மேல் ஈரத்துணி போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். எது என்று பிரிக்க வேண்டுமானால் நின்ற அந்த நிமிடத்திலேயே பொறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். பாயிண்ட் வைத்த பழைய அம்பாசிடர்களில் கண்டன்சரும் இதே விளையாட்டை விளையாடும்.

பிளக்கை எமரி பேப்பரால் தேய்த்துப் போடுவதையும் விட்டுவிடலாம். துகள் உள்ளே தங்கும், பீங்கானில் கீறல் விழும், அந்தக் கீறலில் கரி சீக்கிரம் படியும். பழைய கார்புரேட்டர் மாருதிக்கு பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். புது பிளக்கானாலும் கேஜ் வைத்துப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும்.

"டேப்பெட் சத்தம் வரக் கூடாது"

வண்டிக்காரர்கள் இதைப் பெருமையாகவே சொல்கிறார்கள்: "டைட் வச்சுக் குடுத்தாரு, சத்தமே இல்ல." எனக்கு இதைக் கேட்டால் கவலைதான் வரும். டேப்பெட்டுக்கும் வால்வுக்கும் நடுவே மில்லிமீட்டரில் கால் பங்கை ஒட்டிய ஒரு இடைவெளி விட்டிருப்பது, சூட்டில் வால்வின் தண்டு நீளும் என்பதற்காக. அதையும் இறுக்கிவிட்டால், சூடானதும் வால்வு முழுசாக மூடாது. கம்ப்ரஷன் கசியும், மிஸ்ஸிங் வரும். அதைவிட மோசம், எக்சாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்குவதே சீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான். உட்கார முடியாத வால்வு ஓரத்தில் கருகி, துண்டு விட்டுப்போகும். அப்புறம் ஹெட்டையே இறக்க வேண்டும்.

கேஸ் கிட் போட்ட ஆம்னிகளுக்கு இது இன்னும் முக்கியம். கேஸில் ஓடும்போது வால்வு சீட் மெல்ல மெல்லத் தேய்ந்து உள்ளே இறங்கும், இடைவெளி தானாகவே குறைந்துகொண்டு வரும். காலையில் ஸ்டார்ட் ஆகும்போது நன்றாக இருந்து, சூடானதும் ஐட்லிங்கில் மிஸ்ஸிங் அடிக்கிற கேஸ் வண்டியில் பிளக்கை மாற்றுவதற்கு முன் ஃபீலர் கேஜை எடுங்கள். கொஞ்சம் டிக் டிக் என்கிற டேப்பெட் வண்டியைக் கெடுக்காது.

"எத்தனால் கலந்ததிலேருந்துதான் இந்தத் தொல்லை"

இதில் பாதி உண்மை இருக்கிறது. பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதத்தை எட்டியது 2022 ஜூனில், 20 சதவீதத்தை எட்டியது 2025இல். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு எரிசக்தி குறைவு. எரிவதற்கு அதற்குக் குறைந்த காற்று போதும். கார்புரேட்டரின் ஜெட் துளை மாறாதது, அதனால் பழைய வண்டியில் கலவை நீர்த்துப்போகும், லேசான திணறல் வரலாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் நிற்கிற வண்டியின் டேங்கில் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலோடு சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும், பழைய ரப்பர் ஹோஸ்களும் இளகும்.

ஆனால் இதெல்லாம் மூன்று சிலிண்டரையும் சேர்த்துத்தான் தாக்கும். ஒரு சிலிண்டர் மட்டும் செத்திருக்கும் வண்டியில் எத்தனாலைத் திட்டிப் பயனில்லை. சந்தேகமிருந்தால் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை இறக்கி, கண்ணாடி பாட்டிலில் ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டேங்கைச் சுத்தம் செய்யுங்கள். தெரியாவிட்டால் அந்தப் பேச்சை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடுங்கள். பெட்ரோலில் கொஞ்சம் ஆயில் ஊற்றினால் மிஸ்ஸிங் போகும் என்பது 1980இல் வந்த டிவிஎஸ் 50 காலத்துப் பழக்கம். அது டூ ஸ்ட்ரோக் இன்ஜின், அதற்கு ஆயில் வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஊற்றினால் பிளக்கில் கரி பிடிக்கும், அவ்வளவுதான்.

"ஸ்கேனர் போட்டா எல்லாம் சொல்லிடும்"

கார்புரேட்டர் வண்டியில் ஸ்கேனரைச் சொருக இடமே கிடையாது. கோளாறை வண்டியே குறித்துவைத்து ஸ்கேனருக்குச் சொல்லும் முழுமையான ஓபிடி-2 நம் நாட்டுக் கார்களில் வந்தது 2013 வாக்கில். அந்த வண்டிகளில் பி0302 என்று காட்டினால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று பொருள். சீட்டைத் தூக்கி நாம் கண்டுபிடித்த அதே பதில்தான் அது. பிளக்கா, ஒயரா, வால்வா என்று அது சொல்லாது. 'ஸ்கேனர் காயிலை மாத்தச் சொல்லுது' என்று யாராவது சொன்னால், இடமாற்றம் செய்து பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

"இன்ஜின் போச்சு, இறக்கித்தான் ஆகணும்"

கடைசியில் வந்து நிற்கிற இடம் இது. கேட்டதும் வண்டியையே விற்றுவிடலாம் என்று தோன்றும். ஆனால் இன்ஜின் போய்விட்டதா என்பது காதால் கேட்டுச் சொல்கிற விஷயம் அல்ல, அளந்து சொல்ல வேண்டியது. இன்ஜினைச் சூடாக்கி, மூன்று பிளக்கையும் கழற்றி, காயிலுக்குப் போகிற கரண்டைத் துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுக்க அமுக்கிப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவைத் தாண்டக் கூடாது. ஒன்றில் மட்டும் குறைந்தால் அதில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. ஏறவே இல்லையென்றால் கசிவு வால்வில், ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட் விட்டிருக்கும். செலவு ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்கும்.

மூன்றும் சமமாக, நல்ல அளவில் இருந்தால் இன்ஜினுக்கு ஒன்றுமில்லை. இறக்க வேண்டாம்.

எனவே வண்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்ஜினை இறக்கச் சம்மதம் சொல்வதற்கு முன், மூன்று சிலிண்டரின் கம்ப்ரஷன் அளவையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டேன் என்கிற இடத்தில் இன்ஜினை இறக்கக் கொடுக்காதீர்கள்.