முளைவிடும் தானியத்தில் மாவுப்பொருள்

பத்தாயத்து நெல்லும் குதிரிலுள்ள கேழ்வரகும் அசைவற்றுத் தோன்றுகின்றன. ஆயினும் அவற்றுள் உயிர் உறங்குகின்றது. நீர் பட்டவுடன் அவ்வுயிர் விழித்தெழும் முறையை அறிதல், உண்பது எது, தவிர்ப்பது எது எனச் சிந்தித்து வாழும் நம் இல்லங்களுக்குப் பெரிதும் பயன்படும்.

தானியத்தின் ஒரு முனையில் சிறிய முளைக்கரு உள்ளது. எஞ்சிய பகுதியில் மிகுதியாக இருப்பது தாய்ப்பயிர் சேர்த்து வைத்த மாவுப்பொருளே. குளுகோஸ் மூலக்கூறுகள் நெடுஞ்சங்கிலியாகத் தொடுக்கப்பட்டதே மாவுப்பொருள். பெரும்பாலும் கிளையின்றி நீள்வது அமைலோஸ். கிளைத்துப் படர்வது அமைலோபெக்டின். மாவுமணிகள் குளிர்ந்த நீரில் கரைவதில்லை. கரையாத பொருளை முளைக்கரு ஏற்க இயலாது. பூட்டிய களஞ்சியத்தின் அருகே பசித்திருக்கும் குழவியின் நிலையே அதன் நிலை.

அப்பூட்டு திறக்கும் விதம் வாற்கோதுமையில் நன்கு ஆராயப்பட்டுள்ளது. நீரை உறிஞ்சிய முளைக்கரு, ஜிப்ரெல்லின் என்னும் ஹார்மோனை வெளிவிடுகின்றது. மாவுப்பகுதியைச் சூழ்ந்துள்ள ஆல்யூரோன் என்னும் மெல்லிய உயிரடுக்கு அதனைப் பெற்று, ஆல்ஃபா அமைலேஸ் என்னும் நொதியைச் சுரக்கின்றது. இந்நொதி சங்கிலிகளை இடையிடையே வெட்டுகின்றது. பீட்டா அமைலேஸ், முனைகளிலிருந்து இரண்டிரண்டு குளுகோஸ் கொண்ட மால்டோஸாக நறுக்குகின்றது. வேறொரு நொதி கிளைகளைப் பிரிக்கின்றது. மால்டோஸ் குளுகோஸாகி, முளைக்கருவை அடைந்து, சுக்ரோஸாக மாறி, இளவேருக்கும் குருத்துக்கும் செல்கின்றது. முளைத்த வாற்கோதுமையிலிருந்து மாவுப்பொருளைச் சிதைக்கும் பொருளை 1833இல் பிரித்தெடுத்தவர்கள், பிரெஞ்சு வேதியியலார் பாயென், பெர்சோ ஆகிய இருவர்.

முளைகட்டி உலர்த்திய கேழ்வரகு மாவில் காய்ச்சிய கூழ், சாதாரண மாவுக் கூழைப் போல இறுகாமல் நெகிழ்ந்து, சிறிது இனிப்பாகவும் இருப்பதை நம் தாய்மார் அறிவர். நீண்ட சங்கிலிகள் துண்டாடப்பட்டதே நெகிழ்வுக்குக் காரணம்; சர்க்கரை தோன்றியதே இனிப்புக்குக் காரணம். நெல்லை அவித்துவிட்டால் முளைக்கருவும் நொதிகளும் அழிகின்றன. அதன்பின் அந்நெல் முளைப்பதில்லை.

சிராவகரின் பதினொரு பிரதிமைகளுள் ஐந்தாவது சசித்தத் தியாகம். அதனை ஏற்றவர் கிழங்கு, இலை, விதை முதலியவற்றைப் பச்சையாக உண்ணார். அந்நெறி ஆய்வுக்கூடத்தின் சான்றை எதிர்நோக்கி நிற்பதன்று. ஆயினும், விதையை உயிருடையதாக மதித்த முன்னோர் நோக்கின் நுட்பத்தை இவ்வறிவு நமக்கு மேலும் விளக்குகின்றது.

முளைதானியம் உண்பதா, விடுவதா என்பதை அவரவர் ஏற்ற விரதத்திற்கேற்ப முடிவு செய்வோம். எதை முடிவு செய்யினும் ஒன்றை மறவாதிருப்போம்: நம் நாவில் தோன்றும் அவ்வினிப்பு, ஓரறிவுயிர் ஒன்று தன் முதல் வேருக்கும் முதல் இலைக்குமென ஆக்கிக்கொண்ட உணவாகும். இதனை உணர்ந்தோர் ஒரு பிடி தானியத்தையும் வீணாக்கார்.