இன்ஷூரன்ஸ் மாறிய பின் வரும் ஆஸ்பத்திரிப் பில்

முதியோருக்கு நோய் வந்த காலத்தில் உதவும் பொருட்டு எடுக்கப்படும் மருத்துவ இன்ஷூரன்ஸ் இன்று கிராமக் குடும்பங்களிலும் இடம் பெற்றுவிட்டது. பெரும்பாலும் நகரத்தில் வேலை பார்க்கும் மகனோ மகளோதான் பிரிமியம் கட்டுகிறார்கள். ஒரு கம்பெனியை விட்டு மற்றொன்றுக்கு மாற்றுபவர்களும் அவர்களே. மாறிய செய்தி ஊரில் உள்ள தந்தைக்கு எட்டுவதில்லை. அவருடைய பெட்டியில் பழைய அட்டையே இருக்கும். நள்ளிரவில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றால், அந்த அட்டை செல்லாது என்கிறார்கள். அவ்வேளையில் துணைக்குச் செல்பவர் பஞ்சாயத்து உறுப்பினராக இருப்பதும் சகஜம். ஆகவே இவ்விஷயத்தை அவர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

கம்பெனி மாறும் உரிமை 2011 அக்டோபர் முதல் நம் நாட்டில் அமுலில் இருக்கிறது. பாலிஸி எடுக்கும் முன்பே உள்ள நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற நோய்களுக்கு உடனே பணம் கிடைப்பதில்லை. சில காலம் காத்திருக்க வேண்டும். 2024 ஏப்ரலில் வந்த விதிகளின்படி இக்காலம் 36 மாதங்களுக்கு மேற்படலாகாது. பழைய கம்பெனியில் காத்திருந்த மாதங்களைப் புதிய கம்பெனி கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆயினும், புதுப்பிக்கும் தேதிக்கு முன்பே முறைப்படி மாற்றம் கோரியவருக்குத்தான் இச்சலுகை. பழையதைக் காலாவதியாக விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை வாங்கினால், காத்திருப்பு முதல் நாளிலிருந்தே தொடங்கும். புதிய கம்பெனி விண்ணப்பத்தை மறுக்கவும் கூடும். எனவே ஒன்றரை மாதத்துக்கு முன்பே விண்ணப்பித்து, ஏற்றுக்கொண்டதாக எழுத்து மூலம் பதில் வரும் வரை பழைய பாலிஸியைக் கைவிடலாகாது.

பில் வந்தபின் பலரையும் திகைக்கச் செய்வது வேறொரு விதி. 3 லட்சம் ரூபாய்க்கு மூன்றாண்டுகள் பாலிஸி வைத்திருந்த ஒரு முதியவர், மாறும்போது அதை 5 லட்சமாக உயர்த்திக்கொண்டார் என வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டே பழைய நோய்க்காக 4 லட்சம் செலவாகிறது. காத்திருந்த காலம் பழைய 3 லட்சத்துக்கே பொருந்தும். கூட்டிய 2 லட்சத்துக்குப் புதிதாகக் காத்திருக்க வேண்டும். ஆகவே 1 லட்சத்தை அவரே கட்ட நேரிடும். இது கம்பெனியின் மோசடியன்று. ஆனால் அந்த 3 லட்சத்தையும் காத்திருப்பைக் காட்டி மறுத்தால், அது தவறு.

அறை வாடகையிலும் கவனம் வேண்டும். பாலிஸியில் நாளொன்றுக்கு ரூ. 3,000 வரம்பிருக்க, ரூ. 6,000 அறையில் தங்கினால், வாடகையோடு டாக்டர் கட்டணம் போன்றவையும் பாதியாகக் குறையக் கூடும். மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவி ஆகியவற்றின் விலையை இவ்வாறு குறைக்க விதி இடந்தரவில்லை. பில்லில் இதைச் சரிபார்ப்போர் மிகச் சிலரே.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே புதிய பாலிஸியின் எண்ணையும், பழைய பாலிஸிகளின் நகல்களையும் காட்டுதல் வேண்டும். ரொக்கமின்றிச் சிகிச்சை பெற அனுமதி கிடைக்காவிட்டால் இன்ஷூரன்ஸே கிடைக்காது என்று எண்ணிவிடலாகாது. பணம் கட்டிவிட்டுப் பின்னர் கோரிப் பெறலாம். அதற்கு இனவாரியான பில், அசல் ரசீதுகள், டிஸ்சார்ஜ் சுருக்கம் ஆகியவை வேண்டும். மொத்தத் தொகை மட்டும் எழுதிய துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பலாகாது.

மறுப்பு வந்தால், எந்த ஷரத்தின்படி மறுக்கப்பட்டது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குக. முதலில் கம்பெனிக்கே புகார் எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். தமிழ்நாட்டுக்குரிய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிக்கிறார். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. மனுவைத் தபாலிலேயே அனுப்பலாம்.